கதவு, நாற்காலி, இரண்டு வரி வசனம்: முதல் படப் பயிற்சியில் எங்கே பிழை என்று கண்டுபிடிப்பது எப்படி

பயிற்சி இதுதான். ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வருகிறார். அறையைக் கடந்து நாற்காலியில் உட்காருகிறார். எதிரே இருப்பவரோடு இரண்டு வரி பேசுகிறார். அவ்வளவுதான். ஊடகம் படிக்கும் மாணவர்களுக்குப் பல நாடுகளிலும் ஆரம்பத்தில் கொடுக்கும் பாடம் இது. ஒரு நிமிடம்கூட வராத இந்தக் காட்சியில் மூன்று விஷயங்களைப் பழகிவிடலாம்: ஓர் அசைவின் நடுவில் வெட்டி அடுத்த ஷொட்டோடு (நிறுத்தாமல் ஒரே தடவையில் எடுத்த துண்டு) ஒட்டுவது, பேசுபவரையும் கேட்பவரையும் மாறி மாறிக் காட்டுவது, இருவருக்கும் நடுவிலுள்ள கோட்டைத் தாண்டாமல் கெமராவை வைப்பது.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்), சனி ஞாயிறுகளில் பிள்ளைகளோடு சேர்ந்து இந்தப் பயிற்சியைச் செய்து வருகிறேன். கெமரா என்று தனியாக ஒன்றும் இல்லை, போன்தான். எடுத்து முடித்ததும் எல்லோரும் சந்தோஷமாகப் போவார்கள். அன்றிரவு லெப்டொப்பில் போட்டுப் பார்த்த பிறகு செய்தி வரும்: “அக்கா, போன்ல பாக்கும்போது நல்லாத்தான் இருந்திச்சு, இப்ப என்னமோ ஆயிருச்சு.”

அப்படிச் செய்தி வந்தால் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். எடிட்டிங் செயலியை மூடிவிட்டு, போனில் எடுத்த அசல் கோப்பைத் திறந்து பாருங்கள். கோளாறு அதிலும் இருந்தால் வேர் படப்பிடிப்பில் இருக்கிறது. அசல் சுத்தமாக இருந்தால் எடிட்டிங்கில் தேட வேண்டும். இதைப் பார்க்காமல் இரண்டு மணிநேரம் கலர் சிலைடரை இழுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். நான் பார்த்தவரை பெரும்பாலான கோளாறுகள் எடிட்டிங்கில்தான் கண்ணுக்குத் தெரியும், பிறந்த இடம் காம்பராவாக இருக்கும். அதனால் கீழே ஒவ்வொன்றுக்கும், இனி எடுக்கும்போது என்ன செய்யலாம் என்பதையும், ஏற்கனவே எடுத்துவிட்டதை எந்த அளவு காப்பாற்றலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பல்ப் வெளிச்சத்தில் படம் துடிக்கிறது, கோடு கோடாக ஓடுகிறது

இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்ஈடி பல்ப்பும் ஒரு செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது. போன் செக்கனுக்கு 30 பிரேம் (தனித்தனிப் படம்), ஷட்டர் (ஒரு பிரேமுக்குள் ஒளி விழும் நேரம்) 1/60 செக்கன் என்று எடுத்தால், ஒரு பிரேமுக்குள் ஒன்றரைக்கும் கொஞ்சம் கூடுதலான துடிப்பு விழும். ஒரு பிரேமில் வெளிச்சம் அதிகம், அடுத்ததில் குறைவு. அதுதான் அந்தத் துடிப்பு.

ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்துங்கள். அப்போது ஒவ்வொரு பிரேமுக்கும் முழுத் துடிப்புகள் கிடைக்கும். பிரேம் எண்ணிக்கையை 25 ஆக வைத்தால் இன்னும் நிம்மதி. ஆனால் போனில் 25 இல்லை என்று கவலைப்பட வேண்டாம், 30 பிரேமிலும் 1/50 ஷட்டர் சரியாக வேலை செய்யும். போனின் சொந்தக் கெமராவில் ஷட்டரைத் தொட முடியாவிட்டால் ‘ஓப்பன் கெமரா’, ‘பிளக்மேஜிக் கெமரா’ போன்ற இலவசச் செயலிகளைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் போன் இடம் கொடுக்காவிட்டால் பல்ப்பை அணைத்துவிட்டுக் கதவோரத்துப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கோடு ஓடும் காட்சியை எடிட்டிங்கில் சுத்தமாக்குவது கடினமான வேலை. ஒரு நிமிடக் காட்சிதானே, திரும்ப எடுப்பதுதான் சுலபம்.

முகம் இருட்டு, கதவுக்கு வெளியே வெறும் வெள்ளை

எங்கள் பக்கத்தில் இதுதான் அடிக்கடி வருவது. காரணம் லயத்தின் அமைப்பு. காம்பராவுக்கு ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல். உள்ளே அடுப்புப் புகை படிந்த சுவர். வெளியே இஸ்தோப்பை (வாசல் திண்ணையை) தாண்டினால் பனிமூட்டம், வெள்ளைத் திரை கட்டியது போல. கதவுக்கு முதுகு காட்டி ஒருவர் உட்கார்ந்தால், போன் அந்த வெள்ளையைப் பார்த்துப் பயந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும்.

முதல் வைத்தியம் செலவில்லாதது. நாற்காலியைத் திருப்புங்கள். கதவு முகத்துக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். ஒரு கன்னத்தில் வெளிச்சமும் மறு கன்னத்தில் மெல்லிய நிழலும் விழும். ஒரு விளக்கும் இல்லாமல் இவ்வளவு அழகான ஒளி கிடைக்கிறதே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாக இருக்கும். பனிமூட்டம் சூரியனைப் பரப்பி அனுப்புகிறது. பட்டணத்து ஸ்டூடியோக்களில் பெரிய துணித் திரை கட்டி இதைத்தான் செய்கிறார்கள்.

நிழல் பக்கம் மிக இருட்டாக இருந்தால் வெள்ளை பிரிஸ்டல் போர்ட் ஒன்றை அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள். போர்ட் படத்துக்குள் தெரியாத அளவுக்கு எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு கிட்ட. இரண்டு முழத் தூரத்தில் பிடித்தால் ஒன்றும் மாறாதது போலிருக்கும். ஒரு முழத்துக்குக் கொண்டுவந்தால் கண்ணின் கீழே இருந்த இருட்டு கரைவதை நேரில் பார்க்கலாம்.

அப்புறம், திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து இரண்டு செக்கன் அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் போகஸும் வெளிச்ச அளவும் அங்கேயே பூட்டப்படும். பூட்டாவிட்டால், ஆள் கதவிலிருந்து நாற்காலிக்கு நடந்து வரும்போது படம் ஒரு தடவை வெளிறி, ஒரு தடவை இருண்டு, மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். அதை எடிட்டிங்கில் திருத்தப் பிரேம் பிரேமாகக் குந்தியிருக்க வேண்டும்.

வெளியே பனி முழுக்க வெள்ளையாகிப் போனால் போகட்டும். பனி வெள்ளைதான். முகத்தில் கண் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். கதவைத் திறந்து நிற்கும் முதல் ஷொட்டில் ஆள் நிழலுருவாகத் தெரிவதும் பிழை இல்லை. யார் வருகிறார் என்று பார்ப்பவர் ஒரு கணம் யோசிக்கட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகம் மெழுகு பூசியது போல வெளிறிக் கிடந்தால் அது வெளிச்சப் பிழை இல்லை, போனின் ‘பியூட்டி’ வசதி போட்டபடியே இருக்கிறது. அதை முழுதாக நிறுத்துங்கள். நம் மனிதர்களின் தோலை வெளுப்பாக்கிக் காட்டும் எதையும் நான் பயிற்சியில் அனுமதிப்பதில்லை. மலையில் நாள் முழுக்க வெயிலிலும் பனியிலும் நின்ற முகத்தின் சுருக்கத்தை அழித்துவிட்டால், அந்த முகம் சொல்லவேண்டியது எல்லாம் போய்விடும்.

படம் முழுக்க ஆவி பிடித்த மாதிரி மங்கல்

காலை ஏழு மணிக்கு இஸ்தோப்பில் இரண்டு ஷொட் எடுத்துவிட்டு நேராக அடுப்பங்கரைக்குள் போயிருப்பீர்கள். குளிர்ந்த லென்ஸ், உள்ளே சோறு கொதிக்கும் ஈரச் சூடு. குளிர்ந்த கண்ணாடியில் அந்த ஈரம் உடனே படியும். சட்டை நுனியால் துடைத்தால் ஒரு நிமிடத்தில் திரும்பப் படியும், கூடவே எண்ணெய்க் கறையும் சேரும். இரவில் எடுத்தால் பல்ப்பைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது அந்தக் கறையால்தான்.

உள்ளே போகும் முன் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக மூடுங்கள். பையோடு உள்ளே கொண்டுபோய்ப் பதினைந்து இருபது நிமிடம் வையுங்கள். ஈரம் பையின் மேல் படியும், போன் மெதுவாகச் சூடாகும். அந்த நேரத்தில் நடிப்பவர்களுக்கு ஒத்திகை பார்க்கலாம். குளிரில் பெட்டரியும் வேகமாக இறங்கும். ஷொட்டுக்கு ஷொட் இடையில் போனைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மங்கல் லென்ஸில் இல்லாமல் உண்மையிலேயே வெளியே மூட்டமாக இருந்தால், எடிட்டிங்கில் கொன்ட்ராஸ்டைக் கண்டபடி ஏற்றாதீர்கள். பெரும்பாலான போன் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் இருக்கும். பனிமூட்டம் அதில் சில படிகளுக்குள் அடங்கியிருக்கும். அதை இழுத்து நீட்டினால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

ஒரே காட்சி, ஒரு ஷொட் நீலம், அடுத்தது மஞ்சள்

வைட் பெலன்ஸ், அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு, ஓட்டோவில் இருக்கிறது. தேயிலைப் பச்சை கொஞ்சம் கூடுதலாகப் படத்துக்குள் வந்தால்கூட போன் அதைச் சமப்படுத்தப் பார்த்து முகத்தை ரோஸாக்கிவிடும். ஒரு எண்ணைத் தேர்ந்து பூட்டுங்கள். மூட்டமான பகலில் 6500 கெல்வினைச் சுற்றி, மஞ்சள் பல்ப் மட்டும் எரியும் இரவில் 3200ஐச் சுற்றி ஆரம்பிக்கலாம். ஜன்னல் வெளிச்சத்தையும் மஞ்சள் பல்ப்பையும் கலக்க வேண்டாம். ஏற்கனவே எடுத்தது என்றால், இரண்டு ஷொட்டிலும் தெரியும் வெள்ளைப் பொருள் ஒன்றை, பாடசாலைச் சட்டையையோ கோப்பையையோ, ஒப்பிட்டுத் திருத்துங்கள். முகத்தை வைத்து ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

வசனம் கேட்கவில்லை, மழைதான் கேட்கிறது

தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தை விடாது. தகரக் கூரையின் மேல் மழை விழும் சத்தம் கனமான ஒலியிலிருந்து மெல்லிய ஒலி வரை எல்லாவற்றிலும் பரவியிருக்கும். மனிதக் குரலும் அதற்குள்தான் இருக்கிறது. அதனால் சத்தம் நீக்கும் வசதியை அழுத்தினால் மழையோடு குரலையும் அரித்துவிடும். பேசுபவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகும்.

எடுப்பதற்கு முன் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் எல்லோரையும் வாயை மூடச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் பக்கத்துக் காம்பரா ரேடியோ, நாய், பீலித் தண்ணீர், தூரத்து பஸ் ஹோர்ன் எல்லாம் வரிசையாகக் கேட்கும். கண் பழகியதை மறப்பது போல காதும் பழகியதை மறந்துவிடுகிறது. மைக் மறக்காது.

குரல் தெளிவுக்கு ஒரே வழி மைக் வாய்க்குக் கிட்ட இருப்பதுதான். விலை கூடிய மைக் தேவையில்லை. இன்னொரு போனில் ஒலிப்பதிவைப் போட்டு நடிப்பவரின் சட்டைப் பையில் வையுங்கள். வாயிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம். இரண்டு போனும் ஓடத் தொடங்கியதும் கெமராவுக்கு முன்னால் ஒரு தடவை கையைத் தட்டுங்கள். எடிட்டிங்கில் கை சேரும் பிரேமையும், ஒலியில் ஊசி போல எழும் இடத்தையும் ஒன்றாக வைத்தால் வாயசைவு பொருந்திவிடும். வெளியே காற்று என்றால் கம்பளித் தொப்பி ஒன்றைப் போனின் மைக் பக்கம் மாட்டுங்கள். உள்ளே எதிரொலி என்றால் கெமராவுக்குப் பின்னாலுள்ள வெற்றுச் சுவரில் போர்வை தொங்கவிடுங்கள்.

எடுத்து முடிந்ததும் யாரும் எழும்பக் கூடாது. அந்த அறையின் அமைதியை முப்பது செக்கன் தனியாகப் பதிவு செய்யுங்கள். ‘ஒன்றும் இல்லாத சத்தத்தை எதற்கு எடுக்கிறோம்’ என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். இரண்டு வசனங்களுக்கு நடுவில் இருமலை வெட்டி எடுத்த இடத்தில் சுத்த மௌனம் வந்தால், படம் பார்ப்பவருக்குக் காது அடைத்தது போல இருக்கும். அந்த ஓட்டையை அடைக்க இந்த முப்பது செக்கன்தான் உதவும்.

ஏற்கனவே மழையில் எடுத்துவிட்டீர்களா? சரி, இரண்டு வழி இருக்கிறது. மழை விட்டதும் அதே காம்பராவில், அதே ஆட்களை, அதே வசனத்தை மூன்று மூன்று தடவை சொல்லவைத்து ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். நடித்த சூடு ஆறுவதற்குள் சொன்னால் வேகம் ஏறக்குறைய ஒத்துப்போகும். இல்லாவிட்டால் மழையைக் கதைக்குள் எடுங்கள். போன மழைக்காலத்தில் ஒரு பிள்ளை வசனத்தையே மாற்றினாள். நனைந்து வந்து உட்காரும் பேரனிடம் அம்மாயி, “என்னா?” என்கிறார். அவன் சத்தமாகத் திரும்பச் சொல்கிறான். அவர் திரும்பவும், “என்னா?” மழைச் சத்தமே அவர்களுக்கு நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்துவிட்டது. அன்று எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

ஆரம்பத்தில் வாயசைவு பொருந்துகிறது, போகப் போக விலகுகிறது

வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் பிரேம் எண்ணிக்கையைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். ஒரு நேரம் 30, ஒரு நேரம் 24. எடிட்டிங் மென்பொருளோ ஒரே சீராக வரும் என்று நம்பியிருக்கும். ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளில் அசல் கோப்பைப் போட்டு, மாறாத பிரேம் எண்ணிக்கைக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு எடிட்டிங்கைத் தொடங்குங்கள். பாதி எடிட் முடிந்த பிறகு மாற்றினால் வெட்டிய இடங்கள் எல்லாம் நகர்ந்துவிடும்.

இருவரும் எதிரெதிரே இருந்தார்கள், படத்தில் இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள்

கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். பேசும் இருவரின் மூக்கையும் இணைத்து ஒரு நூல் கட்டியிருப்பதாக நினையுங்கள். முதல் ஷொட்டை நூலின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தீர்களோ, மற்ற எல்லாவற்றையும் அதே பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அப்போது ஒருவர் இடமிருந்து வலம் பார்ப்பார், மற்றவர் வலமிருந்து இடம் பார்ப்பார். பார்ப்பவரின் மனதில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துவிடுவார்கள்.

லயத்துக் காம்பராவில் இந்தப் பிழை வருவதற்கு இடநெருக்கடிதான் காரணம். பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் கட்டில், அலுமாரி, டீவி. இரண்டாவது ஆளை எடுக்க இடம் போதாமல் கெமராக்காரர் அடுத்த மூலைக்குப் போய்விடுகிறார். நான் இப்போது உண்மையிலேயே நூல் கட்டவைக்கிறேன். தரையில் ஒரு நாற்காலிக் காலிலிருந்து மறு நாற்காலிக் கால் வரை கயிறு ஒன்றை நீட்டிப் போட்டால் யாரும் மறந்தும் தாண்டமாட்டார்கள். இடம் போதாவிட்டால் கெமராவை நகர்த்தாமல் நாற்காலியை நகர்த்துங்கள். நெருக்கமான ஷொட்டில் நாற்காலி இரண்டடி தள்ளியிருப்பது யாருக்கும் தெரியாது.

எடுத்து முடித்தபின் தெரியவந்தால் மூன்று வழி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கோட்டின் மேலேயே நின்று எடுத்த ஷொட் ஒன்றை வையுங்கள், ஒருவர் நேராகக் கெமராப் பக்கம் பார்ப்பது போல. அல்லது திசையே இல்லாத ஒன்றை வையுங்கள்: பிளேன்டீ ஊற்றும் கை, அடுப்பு, சுவர்க் கடிகாரம். மூன்றாவது, ஷொட்டை இடவலமாகத் திருப்பிப் போடுவது. எடிட்டிங்கில் ஒரே அழுத்தல்தான், ஆனால் மிகக் கவனம் வேண்டும். ஒருமுறை திருப்பிப் போட்டோம், பார்வை அழகாகப் பொருந்தியது, எல்லோரும் கைதட்டினோம். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மாதான் சொன்னார்: “அந்தப் பிள்ளைக்கு முந்தானை ஏன் வலது தோள்ல கெடக்கு?” பிறகு பார்த்தால் பின்னாலிருந்த கலண்டரின் எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித்தான் இருந்தது. திருப்பும் முன் முந்தானை, சட்டைப் பை, தலை வகிடு, சுவரிலுள்ள எழுத்து நான்கையும் பாருங்கள்.

கதவு இரண்டு தடவை திறக்கிறது. அல்லது திறக்காமலே ஆள் உள்ளே நிற்கிறார்

வெளியிலிருந்து எடுத்த ஷொட்டில் கதவைத் தள்ளும் வரை, உள்ளிருந்து எடுத்ததில் தள்ளிய பிறகு என்று அசைவைப் பாதி பாதியாக நடித்திருப்பீர்கள். அப்படிப் பிரிக்கக் கூடாது. இரண்டு ஷொட்டிலும் முழு அசைவையும் நடியுங்கள்: நடந்து வந்து, நாதாங்கியில் கை வைத்து, தள்ளி, உள்ளே இரண்டு அடி வைக்கும் வரை. அப்போது வெட்டும் இடத்தை எடிட்டிங்கில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

எங்கே வெட்டுவது? கை ஓய்ந்திருக்கும்போது வெட்டினால் வெட்டு கண்ணில் குத்தும். கதவு அசையத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வெட்டுங்கள். கண் அசைவின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், வெட்டைக் கவனிக்காது. இரண்டு பிரேம் முன்னால், இரண்டு பிரேம் பின்னால் என்று நகர்த்தித் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ‘இப்போது கதவு ஒரே கதவாகிவிட்டது’ என்று தோன்றும் ஒரு கணம் வரும். பயிற்சியின் முழுச் சுகமும் அந்தக் கணத்தில்தான் என்று எனக்குத் தோன்றும்.

எந்தக் கையால் திறந்தார், குடை எந்தக் கையில், கோப்பையில் தேநீர் எவ்வளவு இருந்தது என்று ஒருவர் கொப்பியில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷொட்டும் முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வைப்பது அதைவிட நல்லது.

வெட்டும் இடத்தில் ஆள் துள்ளுகிறார்

ஒரே இடத்தில் நின்று கொஞ்சம் மட்டும் நகர்த்தி எடுத்திருப்பீர்கள். அடுத்த ஷொட்டுக்குக் குறைந்தது முப்பது பாகை சுற்றிப் போங்கள், கூடவே அளவையும் மாற்றுங்கள்: முழு உருவம் என்றால் அடுத்தது மார்பளவு. விரலால் சூம் செய்வதை மறந்துவிடுங்கள், நடந்து கிட்டப் போங்கள்.

லெப்டொப் தொங்குகிறது, ஷொட் சிவப்பாக நிற்கிறது, தமிழ் எழுத்து உடைகிறது

தொங்குவதற்குப் பல நேரம் காரணம், போன் எச்.265 முறையில் பதிவு செய்வது. பழைய லெப்டொப் அதைப் பிரித்துப் பார்க்கத் திணறும். போனில் எச்.264க்கு மாற்றுங்கள். ஐபோனில் கெமரா அமைப்புகளுக்குள் ‘மோஸ்ட் கம்பெட்டிபிள்’ என்று இருக்கும். எடுத்து முடிந்துவிட்டால் மென்பொருளில் ப்ரொக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் இலேசான நகல்) உருவாக்கி வேலை செய்யலாம்.

சிவப்புத் திரை வந்தால் கோப்பு அழிந்துவிட்டது என்று அழ வேண்டாம். பென்டிரைவைக் கழற்றியிருப்பீர்கள், அல்லது கோப்பை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பீர்கள். இருக்கும் இடத்தைத் திரும்பக் காட்டினால் வந்துவிடும். எடிட்டிங் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் லெப்டொப்பில் ஒரே போல்டருக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

தலைப்பில் ‘தோட்டம்’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் சிதறுகிறதா? மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியவில்லை. பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிராபிக்ஸ் அமைப்புக்குள் எழுத்து என்ஜினைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றலாம். தலைப்பை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறக்கும்போது ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். யுனிகோடில் அடியுங்கள். ஒன்றும் சரிவராவிட்டால் தலைப்பை வேறு செயலியில் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் செய்து மேலே வையுங்கள். ஊர்ப் பெயரும் பெரியவர்களின் பெயரும் உடைந்த எழுத்தில் திரையில் வரவே கூடாது.

எங்கள் லெப்டொப்பில் நன்றாக இருக்கிறது, மற்றவர்களுக்கு மங்கல்

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டொக்கியூமென்ட்டாக அனுப்புங்கள். ஏற்றுமதி செய்யும்போது 1080, எச்.264, எம்பி4, எடுத்த அதே பிரேம் எண்ணிக்கை. பென்டிரைவ் ‘கோப்பு பெரிது’ என்று மறுத்தால் அது பழைய ஃபெட்32 அமைப்பில் இருக்கிறது, ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபெட்டாக மாற்றலாம், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் எடுத்து வையுங்கள். பழைய டீவிகள் சில எக்ஸ்ஃபெட்டைப் படிக்காது. அதனால் திரையிடும் மண்டபத்தின் டீவியில் முதல் நாளே போய்ப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடப் படம் என்றாலும் முழுதாக, சத்தத்தோடு, பின்வரிசையில் உட்கார்ந்து.